மதாம் வெர்னே கடித்த மொச்சை

ரிஷோம் வங்கியில் யார் எந்தப் பதவிக்கு வருகிறார்கள் என்பதைப் பற்றிப் பாரிஸில் பலவிதமான பேச்சு உண்டு. பெரிய படிப்பு என்பார்கள், மாமனார் என்பார்கள், மந்திரியோடு முயல் வேட்டைக்குப் போகிற பழக்கம் என்பார்கள். எல்லாம் பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. ஜனவரி மாதம் ஆறாவது மாடியில் ராஜா கேக் வெட்டுவார்கள். மொச்சை யார் பல்லில் படுகிறதோ அவருக்குப் பதவி. இதைவிட நேர்மையான முறை வேறெந்த வங்கியில் இருக்கிறது?

ராஜா கேக் எல்லா வீட்டிலும் வெட்டுவதுதான். வட்டமாக, பொன்னிறமாக, நடுவே பாதாம் விழுது வைத்து. அதற்குள் எங்கோ ஒரு மொச்சை ஒளிந்திருக்கும். ஒரு காலத்தில் நிஜ மொச்சைக் கொட்டையே வைத்தார்கள். இப்போது விரல் நுனி அளவில், ஆடு, மேய்ப்பர் என்று ஏதாவது ஒரு பீங்கான் பொம்மை, பெயர் மட்டும் மாறவில்லை. அது கிடைத்தவர் தலையில் அட்டைக் கிரீடம் வைப்பார்கள், அன்றைக்கு அவர்தான் ராஜா. வீட்டில் இது சந்தோஷம். அலுவலகத்தில் அப்படியில்லை, அங்கே ராஜாவானவர் அடுத்த கேக்கைத் தன் செலவில் வாங்கி வர வேண்டும். ரிஷோம் வங்கி பெரிய வங்கி அல்லவா, கேக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்த ஆண்டில் யாரும் தொட விரும்பாத பொறுப்பு எதுவோ அதையும் ராஜா தலையில் கட்டினார்கள்.

இது எங்கும் எழுதி வைக்கப்பட்டதல்ல. ஆனாலும் ஆறாவது மாடியில் தெரியாதவர் இல்லை. அதனால் அங்கிருந்த பெரிய மனிதர்கள் மெல்லாமல் தின்னும் வித்தையில் தேறியிருந்தார்கள். மொச்சை தட்டுப்பட்டால் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் அப்படியே விழுங்கிவிடுவார்கள். கடன் பிரிவுத் தலைவருக்கு வயிற்று வலி என்று எக்ஸ்ரே எடுத்த டாக்டர், "உள்ள ஒரு மேய்ப்பர் இருக்காரு, ரெண்டு ஆடு, ஒரு கழுதை. ஒட்டகம்தான் சரியாத் தெரியல" என்று சொன்னாராம்.

ஒதில் வெர்னேவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு நாற்பத்தேழு வயது. இரண்டாவது மாடியில், சிறு கிளைகள் பிரிவில், இருபது வருடமாகத் துணை அதிகாரி. அவளுடைய மேலதிகாரிக்கு ஜனவரி பிறந்ததும் தொண்டை கட்டிக்கொள்ளும். அந்த வருடம் கொஞ்சம் அதிகமாகக் கட்டிக்கொண்டதால், "எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்க மதாம் வெர்னே, நல்ல கேக்" என்று கம்மிய குரலில் அனுப்பி வைத்தார். அவள் தலைமுடியைக் கூடச் சீவிக்கொண்டு போனாள்.

இரண்டாவது கடியிலேயே பல்லில் ஏதோ நறுக்கென்றது.

"ஐயோ, எனக்கு வந்திருக்கு!" என்று கத்திவிட்டாள். கத்தியதோடு விடாமல் அதை வாயிலிருந்து எடுத்து, துடைத்து, எல்லாருக்கும் காட்டினாள். வெள்ளைப் பீங்கானில் சின்ன ரயில் எஞ்சின். புகைபோக்கி கூட இருந்தது.

ஆறாவது மாடியில் எல்லார் கண்ணும் அந்த எஞ்சின் மேல் போயிற்று. பிறகு பதினைந்து பெரிய மனிதர்களும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். சிலர் கண்ணில் நீர் நின்றது. வங்கியின் தலைவர் முசியே அன்செல்ம் தெ ப்ரெவால் எழுந்து வந்து கிரீடத்தை அவள் தலையில் வைத்தார்.

"மதாம்... பேரு என்ன சொன்னீங்க?"

"வெர்னே, முசியே. இருபது வருஷமா இங்கதான் இருக்கேன்."

"அப்படியா! தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஒரு துண்டு கேக் அனுப்பியிருப்போமே." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நண்பர்களே, நம்ம வங்கியில திறமையைத் தேடிக்கிட்டு அலையிறதில்ல. அது தானா வாயைத் திறக்கும், நாம காத்திருக்கிறோம். நடுநாட்டு ரயில் கழகத்துக்கு ஒரு தலைவர் பேரைக் கேக் முடியறதுக்குள்ள சொல்றேன்னு மந்திரிக்கு வாக்குக் குடுத்திருந்தேன். இதோ, சொல்லிட்டேன்."

நடுநாட்டு ரயில் கழகம் பாதி அரசாங்கத்துடையது, பாதி வங்கியுடையது. ஓடுவதும் பாதிதான். ஒதிலுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயம் அவள் மனசில் பளிச்சென்று பட்டது. மொன்வியே நிலையம் அந்தக் கழகத்துடையது. மொன்வியே அவள் பிறந்த ஊர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனாள். ரயில் மொன்வியேவுக்குள் வந்து, நிற்காமல், அவளுடைய அக்காவின் கஃபேயைத் தாண்டிக்கொண்டு போய் அடுத்த ஊரில் இறக்கிவிட்டது. இரண்டு வருடமாக அப்படித்தான். அக்கா லிசெத் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

லிசெத்தின் ரயிலடி கஃபே நிலையக் கட்டிடத்துக்குள்ளேயே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பிளாட்பாரம். புருஷன் செத்த பிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு, மாடியில் இருந்த இரண்டு அறைதான் வீடு. கட்டிடம் கழகத்துடையது. கழகத்தின் விதி சுருக்கமானது: பயணிகள் ஏறி இறங்கும் நிலையத்தில்தான் கஃபே நடத்தலாம். ரயிலை நிறுத்தாமல் விட்ட அதே கழகம், 'பயணிகள் இல்லையே' என்று இந்த வருட டிசம்பரோடு இடத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தது.

வீட்டுக் கேக்கை லிசெத் தானே சுட்டு வைத்திருந்தாள்.

"உள்ள போடி" என்றாள், மேசையைக் காட்டி.

வீட்டு வழக்கம் அது. இருப்பவர்களில் இளையவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் துண்டு யாருக்கு என்று பார்க்காமல் சொல்ல வேண்டும்.

"எனக்கு நாப்பத்தேழு வயசாகுதுக்கா. இப்ப நான் கழகத்துக்கே தலைவர்."

"தலைவரா இருந்தா? எனக்கு இளையவதானே? போ, போ, முட்டியைப் பாத்துக்க."

நடுநாட்டு ரயில் கழகத்தின் தலைவர் தவழ்ந்து மேசைக்கு அடியில் போனார். அங்கே லிசெத்தின் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. நாள் முழுக்க நின்று நின்று வந்த வீக்கம், ஆள் வராத கடையில். 

"இது யாருக்கு?" என்று மேலே குரல்.

"உனக்கு."

"இது?"

"எனக்கு."

"இது?"

"ஏழைக்கு." யாராவது கதவைத் தட்டினால் கொடுக்க ஒரு துண்டை எடுத்து வைப்பதும் வழக்கம்தான். யாரும் தட்டியதில்லை.

மொச்சை லிசெத்துக்கே வந்தது. அவள் அதைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப அடுத்த வருஷக் கேக்கும் இங்கதான். மொச்சை கிடைச்சவ வீட்லதானே?" சொன்ன பிறகுதான் அவளுக்கு டிசம்பர் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. சிரிப்பு பாதியில் நின்றது. "ஒதில், நான் உங்கிட்ட ஒண்ணும் பெரிசாக் கேக்கல. காலை ரயிலு, ஒரே ஒரு ரயிலு, இங்க நிக்கட்டும்டி. நாலு பேர் ஏறட்டும், நாலு பேர் இறங்கட்டும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"இவ்வளவுதானே? நாளைக்கே சொல்லிடறேன்" என்றாள் ஒதில். பையிலிருந்து பீங்கான் எஞ்சினை எடுத்து அக்காவுக்குக் கொடுத்தாள். லிசெத் அதைக் காபி இயந்திரத்தின் மேல், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்தாள். படுவதற்குத்தான் கண் இல்லை.

மறுநாளே சொன்னாள். கழகத்தின் பொதுச் செயலர் முசியே ஃபுல்பேர் கொர்தியே மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கழகத்தை அங்கே யாரும் கழகம் என்று சொல்வதில்லை, 'வீடு' என்பார்கள். நான்கு தலைவர்களைப் பார்த்தவர் அவர். அந்த நான்கு பேரும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். பின்தாழ்வாரத்தில் ஆளுக்கோர் அறை, ஒரு மேசை, ஒரு பூந்தொட்டி. வேலை மட்டும் கிடையாது. வீட்டில் யாரையும் வெளியே அனுப்புவதில்லை, அது பண்பாடல்ல. அதில் ஒருவருக்குத் தான் மாற்றப்பட்டதே இன்னும் தெரியாது. தினமும் வந்து காலியான காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்.

"மதாம், ரயிலை நிறுத்தச் சொல்ற அதிகாரம் உங்களுக்குப் பூரணமா உண்டு" என்றார் கொர்தியே. "அதில யாருக்கும் சந்தேகமே இல்ல. ரயில் நிக்கிறதுங்கிறது வேற விஷயம்."

"வேற யாரு சொல்லணும்?"

"யாரும் சொல்ல வேண்டாம். அதுவா நிலைமை கனியணும். மந்திரியோட ஆலோசகரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு, சாப்பாட்டுக் கடைசியில சீஸ் வர்ற வரைக்கும் வேலைப் பேச்சை எடுக்காதீங்க. அதுக்கு முன்னாடி எடுத்தா பட்டிக்காடுன்னு நினைப்பாங்க."

ஆலோசகருக்கு வயது இருபத்தெட்டு. அரசாங்க அதிகாரிகளை உருவாக்கும் பெரிய பள்ளியில் இரண்டாவதாகத் தேறியவர். முதலாவதாகத் தேறியவரைப் பற்றியே சாப்பாடு முழுக்கப் பேசினார். சூப் போனது, வாத்துக்கறி போனது. சீஸ் தள்ளுவண்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்ததும் அவருடைய தொலைபேசி அடித்தது. "மந்திரி கூப்பிடறாரு, மன்னிக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். அரசாங்கத்தில் யாரும் சீஸ் சாப்பிட்டுப் பல வருடமாகிறது என்பதை ஒதில் மெல்லப் புரிந்துகொண்டாள்.

ஜூன் மாதம், வேறு வழி தெரியாமல், அந்நாட்டில் பிறந்த எவளும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தாள். சூப்புக்கு முன்னால் சீஸ் கொண்டுவரச் சொன்னாள்.

பரிமாறுகிறவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தார். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ஆலோசகர் முகம் வெளுத்து, தன் முன்னால் வந்து உட்கார்ந்த சீஸையே பார்த்தார். தொலைபேசியும் அடிக்கவில்லை, அதற்கும் இது எதிர்பாராத நேரம்.

"மொன்வியேல காலை ரயில் நிக்கணும்" என்றாள் ஒதில்.

"ஒரு... ஒரு ஆய்வு நடத்தச் சொல்றேன்" என்றார் அவர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "தயவுசெஞ்சு இதை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

ஆய்வாளர் ஒருவர் மொன்வியேவுக்கு வந்தார். நிலையத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுவது அவர் வேலை. லிசெத்தின் ஜன்னலோர மேசையில் இரண்டு வாரம் உட்கார்ந்து எண்ணினார். ரயில் தினமும் நிற்காமல் போயிற்று.

"யாரும் ஏறலியே" என்றார் லிசெத்திடம்.

"ஓடற ரயில்ல ஏறறதுக்கு எங்க ஊர்ல சர்க்கஸ்காரங்க யாரும் இல்லைங்களே முசியே."

"அது என் ஆய்வுக்குள்ள வராது மதாம். இன்னொரு காபி குடுங்க."

அந்த இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த மிக நல்ல வாடிக்கையாளர் அவர்தான். அறிக்கை தடிமனாக வந்தது. மொன்வியே மக்களுக்கு ரயிலில் ஏறும் நாட்டமும் இல்லை, இறங்கும் நாட்டமும் இல்லை என்று அதில் கண்டிருந்தது.

அறிக்கை வந்ததும் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. வீட்டின் அதிகாரிகள் வரிசையாகக் கார்களில் வந்து மொன்வியேவின் விழா மண்டபத்தில் இறங்கினார்கள். "ரயிலில் வந்திருக்கலாமே" என்று மேயர் கேட்டார். "எப்படி வர்றது, இங்க நிக்காதே" என்றார் கொர்தியே, சற்று வருத்தத்தோடு. ஊரே எழுந்து ரயில் வேண்டும் என்றது. கொர்தியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க உணர்ச்சியைக் கேட்டுக்கிட்டோம். கேக்கறதுதான் எங்க தொழில். கேட்டதுக்கு அப்புறம் என்ன செய்யறதுன்னு எங்க வீட்ல யாருக்கும் பயிற்சி குடுக்கல" என்றார். கைதட்டினார்கள், என்ன செய்வதென்று தெரியாமல்.

இலையுதிர் காலத்தில் தொழிற்சங்கம் மொன்வியே மக்கள் பக்கம் நின்றது. மொன்வியேவில் ரயில் நிற்கும்வரை ரயில் ஓடாது என்று வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஒரு வாரம் எல்லா ஊரிலும் எல்லா ரயிலும் நின்றது, மொன்வியேவில் தவிர, ஏனென்றால் அங்கே ஒன்றும் வந்து சேரவில்லை. ஒதில் தன் அறையில் தனியாக உட்கார்ந்து அழுதாள். தன்னைச் சுற்றி இருப்பவர்கள் யாரும் கெட்டவர்களில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

நவம்பரில் நிலைமை தானாகவே கனிந்தது. தேர்தல் வந்தது. மந்திரி ஏதோ ஒரு மேடையில், நாடு முழுவதும் நூறு புதிய நிறுத்தங்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே ஆலோசகர் ஒதிலைக் கூப்பிட்டார்.

"மதாம், ஒரு நிறுத்தம் வேணும்னு சொன்னீங்களே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கு, இருக்கு!"

"திங்கட்கிழமை நிக்கும். பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லிடுங்க."

திங்கட்கிழமை காலை மொன்வியே பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லை. மேயர் மூவர்ணப் பட்டையை மார்பின் குறுக்கே கட்டியிருந்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் குளிரில் ஊதிப் பழகினார்கள். லிசெத் நல்ல உடுப்பு உடுத்தி, பெரிய தட்டில் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு, முதல் வரிசையில் நின்றாள். முதலில் இறங்குகிறவர்களுக்கு இலவசம் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ரயில் வந்தது. வேகம் குறைந்தது. ஏறக்குறைய மூன்று வருடத்துக்குப் பிறகு, மொன்வியேவில், நின்றேவிட்டது. பேண்டு முழங்கியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒதில் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

கதவு திறக்கவில்லை.

உள்ளே பயணிகள் கண்ணாடியில் முகத்தை வைத்து வெளியே பார்த்தார்கள். வெளியே இருந்தவர்கள் உள்ளே பார்த்தார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, நகரத்தில் வேலை பார்ப்பவள், உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினாள். பிளாட்பாரத்தில் அவள் அம்மா ஓடிப்போய்க் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மகளும் உள்ளே அதே இடத்தில் வைத்தாள். "சாப்பிட்டியா?" என்று அம்மா சைகையில் கேட்டாள். இரண்டு நிமிடம் ஆனதும் ரயில் கிளம்பிவிட்டது. பேண்டு வாசித்து முடிக்கவில்லை.

கொர்தியே மேடையேறினார். "இன்னைக்கு நம்ம வீடு நின்னிருக்கு" என்றார் தழுதழுத்த குரலில். "ஓடறது எல்லாருக்கும் வரும். நிக்கறதுதான் கஷ்டம்."

லிசெத்தின் தட்டில் காபி ஆறிப் போயிருந்தது. "கதவு என்னாச்சுடி?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"மறந்திருப்பாங்கக்கா. இப்ப கேக்கறேன்."

கேட்டாள்.

"கதவா?" என்றார் கொர்தியே. "கதவு நம்மது இல்லியே மதாம். ரயில் நம்மது, தண்டவாளம் நம்மது, ஜன்னல்கூட நம்மதுதான். கதவை மட்டும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி வங்கிக்கு வித்துட்டோம். அவங்க நமக்கே வாடகைக்கு விட்டிருக்காங்க. எந்தெந்த ஊர்ல திறக்கலாம்னு அப்பவே ஒப்பந்தம் ஆயிடுச்சு. புதுசா ஒரு ஊர்ல திறக்கணும்னா வங்கிதான் சொல்லணும்."

"எந்த வங்கி?"

"உங்க வங்கிதான் மதாம். ரிஷோம்."

ஒதிலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், எல்லாப் பிரிவினரையும் பெரிய கூடத்துக்கு வரச் சொல்லி, யாரோ ஒருவர் 'நுழைவாயில் சொத்துகள்' என்று என்னவோ விளக்கினார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எல்லாரும் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். நல்ல திட்டம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாகக்கூட ஞாபகம்.

முசியே தெ ப்ரெவால் அவளை இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார்.

"மதாம் வெர்னே! மொன்வியேல ரயிலை நிறுத்தினவங்க! பேப்பர்ல படிச்சோம், பெருமையா இருந்துச்சு. வங்கியில சேர்ந்த நாள்லேர்ந்து இப்படி ஒரு செயலை நான் பாத்ததில்ல. நாங்க யாரும் எதையும் நிறுத்தினதில்ல, எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாங்கி விக்கிறதுதான். சொல்லுங்க, என்ன வேணும்?"

"கதவு, முசியே. மொன்வியேல கதவைத் திறக்கணும். டிசம்பருக்குள்ள."

"திறந்துடலாமே! ஆனா அதுக்கு நம்ம கதவுப் பிரிவுத் தலைவர் சம்மதிக்கணும். அந்தப் பதவி காலியா இருக்கு." அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "நீங்களே வந்துடுங்க! உங்களைவிடக் கதவைப் பத்தி அக்கறை உள்ளவங்க யாரு இருக்காங்க?"

அவள் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். டிசம்பர் முதல் வாரம் ஆறாவது மாடிக்கு வந்துவிட்டாள். பெரிய அறை, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல். பூந்தொட்டியும் இருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. வந்த அன்றைக்கே, மொன்வியேவில் கதவு திறக்கலாம் என்று உத்தரவு எழுதச் சொன்னாள். எழுத முடியாது என்றார் உதவியாளர். ரயில் கழகத்தின் தலைவர் விண்ணப்பித்தால்தான் வங்கி அனுமதிக்கலாம். கழகத்தின் புதிய தலைவர் யார் என்று கேட்டாள். முசியே கொர்தியே.

தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஒரே ஒரு விண்ணப்பம் அனுப்புங்க முசியே. கெஞ்சிக் கேக்கறேன்."

"நீங்க கேட்டு நான் மாட்டேம்பேனா மதாம்? அவசியம் பேசலாம். ஒரு நாள் சாப்பாட்டுக்கு வாங்க." கொஞ்சம் தயங்கினார். "சீஸ் மட்டும் அதோட நேரத்துக்கு வரட்டும்."

இதற்கிடையில் மொன்வியே கஃபேக்குக் காலி செய்யும் உத்தரவு போய்ச் சேர்ந்தது. கழகத்தின் கடிதங்கள் எல்லாம் தலைவர் பெயரில், அச்சடித்த அவர் கையெழுத்தோடுதான் போகும். அது ஒதில் தலைவராக இருந்தபோது அச்சான கடிதம்.

"உன் கையெழுத்து நல்லா இருக்குடி" என்றாள் லிசெத் தொலைபேசியில். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒதிலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாமான்களை ஏறக்கட்ட ஜனவரி முதல் ஞாயிறு வரை தவணை கொடுத்திருந்தார்கள், அதுவும் கொர்தியேவின் பெருந்தன்மையால்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆறாவது மாடியில் ராஜா கேக் வெட்டினார்கள். ஒதிலும் பெரிய மனிதர்களுக்கு நடுவே உட்கார்ந்து, மற்றவர்கள் எப்படித் தின்றார்களோ அப்படியே தின்றாள். நாக்கால் தொட்டுப் பார்த்து, பல்லைச் சேர்க்காமல், முகத்தை அசைக்காமல். அந்த வருடம் மொச்சை யாருக்கும் வரவில்லை. "பேக்கரிக்காரன் வைக்க மறந்துட்டான் போல" என்று முசியே தெ ப்ரெவால் சொன்னார். கடன் பிரிவுத் தலைவர் தண்ணீர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒதில் மொன்வியேவுக்குப் போனாள். ரயில் மொன்வியேவில் நின்றது. அவள் கதவருகே போய் நின்று, கண்ணாடி வழியாக, கஃபே ஜன்னலில் கையசைக்கும் அக்காவைப் பார்த்தாள். அடுத்த ஊருக்குப் போய் இறங்கி, வேனில் திரும்பி வந்தாள்.

கஃபேயில் சாமான் எதுவும் மீதியில்லை. காபி இயந்திரத்தை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் லிசெத்தின் இரண்டு பைகள். புருஷனுடைய அத்தை மகள், நகரத்தில் தன் வீட்டில் ஒரு சின்ன அறை தருகிறேன் என்றிருந்தாள். எத்தனை நாளைக்கு என்று அவளும் சொல்லவில்லை, லிசெத்தும் கேட்கவில்லை. வேனையும் விற்றாகிவிட்டது, வாங்கினவன் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வான். விற்காமல் வைத்திருந்தது மேசை மேல் இருந்த கேக் ஒன்றுதான். கடைசியாக அந்த அடுப்பில் சுட்டது.

"உள்ள போடி."

ஒதில் மறுபேச்சுப் பேசாமல் மேசைக்கு அடியில் போனாள். செருப்புக்குள் அடங்காத அதே கால்கள்.

"இது யாருக்கு?"

"உனக்கு."

"இது?"

"எனக்கு."

"இது?"

"ஏழைக்கு."

எழுந்து வந்து உட்கார்ந்தாள். லிசெத் தன் துண்டைத் தொடாமல் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை உனக்கு வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் சுட்டேன்" என்றாள். "உனக்கு வந்தா அடுத்த வருஷம் உன் வீட்லதானே? ஒரு சாக்கு வேணும்ல எனக்கும், பாரிஸ் வந்து உன்னோட தங்கறதுக்கு. சும்மா வந்து நின்னா நல்லா இருக்காது." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள்.

ஒதில் கேக்கைக் கடித்தாள். நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. வழவழப்பாக, சின்னதாக, ஒரு பக்கம் புகைபோக்கி போல நீட்டிக்கொண்டு.

யோசிப்பதற்குள் விழுங்கிவிட்டாள்.

சொல்ல வாயைத் திறந்தாள். எஞ்சின் ஏற்கெனவே தொண்டையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"உனக்குத்தானே?" என்றாள் லிசெத் ஆவலாக.

"இல்லியேக்கா" என்றாள் ஒதில். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிக மரியாதையான குரல்.

லிசெத் தன் துண்டைப் பிட்டுப் பிட்டுப் பார்த்தாள். பாதாம் விழுதை முள்கரண்டியால் கிளறினாள். ஒன்றுமில்லை. தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, ஏழைக்கு என்று எடுத்து வைத்த துண்டைக் காகிதத்தில் சுற்றினாள்.

"அப்ப இதுலதான் இருக்கும்" என்று சொல்லி, அதைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "பஸ்ல போறப்ப பிச்சுப் பாத்துக்கறேன்."